சுவிச்சு போடக் கை இல்லையாலே?

ஏலே பேராண்டி, புது வீட்டுக்கு மூளை வாங்கப் போறியாமே? கட்டுனவனுக்கு இருக்கான்னு பாத்தியா? சரி, வாங்கு. நீல வெளிச்சம் சுத்துதுன்னு மயங்கிட்டியே, வீட்டு வெளக்கையெல்லாம் ஆட்டி வைக்குத அந்த ஹப்புப் பெட்டி எந்த அலையில பேசும்னு கேட்டியாலே?

அமெரிக்கா மச்சான் ஒண்ணு கொண்டாரானாம்லா? அது இசட்-வேவுங்குத ரேடியோ முறைன்னா சூதானமா இரு. அங்கன அது 908 மெகாஹெர்ட்ஸ். நம்ம நாட்டுல 865. பேரு ஒண்ணுதான், ஒண்ணு பேசுதது இன்னொண்ணுக்குக் கேக்காது. ஓசியில வந்த பெட்டிக்கு மாலை போட்டு வச்சுக்கோ.

ஜிக்பீங்குத இன்னொரு முறைக்கு அந்த வில்லங்கம் இல்ல. பெரும்பாலும் எந்த நாட்டுலயும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். ஆனா வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கனதான் கெடந்து கத்துது. ரவுட்டரை ஒட்டி ஹப்பை வைக்காத. இரும்பு பீரோவுக்குப் பின்னால ஒளிச்சும் வைக்காத.

ஜிக்பீயில ஒரு நல்ல கொணமும் உண்டு. கரண்டுல ஓடுத பல்பும் பிளக்கும், பந்தியில சாம்பார் வாளி கைமாறுத மாதிரி, சேதிய வாங்கி அடுத்ததுக்குக் கடத்தும். பேட்டரி சென்சாரு கடத்தாது. பாதி நேரம் தூங்கும். இப்பம் ஒங்க ஆச்சி என்ன செய்வா? படுக்கப் போவையில செவுத்து சுவிச்சை டொக்குனு அணைப்பா. பல்பு செத்துச்சு. அது வழியாப் போன சேதியும் நின்னுச்சு. மாடியில நீ போனைத் தேய்ச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான். லட்ச ரூவா வீட்டை ஒத்த வெரலால படுக்க வச்சிட்டால்லா? அவளைத் திருத்த ஒங்க தாத்தனாலயே முடியல. பல்பை விடு, சுவிச்சுக்குப் பின்னால வைக்குத மாடியூலை வாங்கு. பூச்சு வேலை முடியுமுன்ன சுவிச்சுப் பெட்டிக்கெல்லாம் நியூட்ரல் ஒயரு இழுக்கச் சொல்லு. அது இல்லாட்டி அநேகமா மாடியூலும் சேதி கடத்தாது.

2022 அக்டோபர்ல மேட்டர்னு ஒரு பொதுப் பாஷை வந்துச்சு. அது தெரிஞ்ச சாமான் எந்தக் கம்பெனியா இருந்தாலும் ஒண்ணோட ஒண்ணு பேசுமாம். பேசும்லே. ஆனா அட்டையில த்ரெட்னு போட்டிருந்தா அதுக்குத் தனியா பார்டர் ரவுட்டர் வேணும். சில ஹப்புக்குள்ளயே இருக்கும். கேட்டு வாங்கு.

இன்னொண்ணும் கேளு. ரிவால்வ்னு ஒரு ஹப்பு, அமெரிக்காவுல 300 டாலருக்கு வித்தான். 2014ல கூகுளோட நெஸ்ட் அந்தக் கம்பெனிய வாங்குச்சு. 2016 மே மாசம் சர்வரை நிப்பாட்டிட்டாவ. பெட்டிக்கு ஒரு சீக்கும் இல்ல. ஆனாலும் வேலை செய்யல.

அதனால கடைக்காரங்கிட்ட நெட்டு ஒயரை உருவச் சொல்லு. பெறவும் பெட்டி வெளக்கைப் போட்டா துட்டை எண்ணு. ‘சார், நெட்டு இல்லாம எப்படி’ன்னு அவன் தலையச் சொறிஞ்சா, காப்பியக் குடிச்சிட்டு நடையைக் கட்டு.