பாலு எங்கே நின்றிருக்க வேண்டும்?

எங்கள் ஊர்க் கணக்குப்படி எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பத்தாண்டுக்கு ஒருமுறை கெட்டுப்போனார். அதை ஊருக்கு அறிவிக்கும் பொறுப்பு ஒவ்வொரு முறையும் ஒரு வயதுக்காரர்களிடம் இருந்தது. இப்போது அது என்னிடம் வந்திருக்கிறது. ஒழுங்காகவே செய்துவருகிறேன்.

மணவூர், சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் திருவாலங்காட்டுக்கு முந்தின ஸ்டேஷன். காரைக்கால் அம்மையார் பாடி அமர்ந்த ஆலங்காட்டுக்குப் பக்கத்து ஊர் என்பதால் பாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை எங்களுக்குப் பிறவியிலேயே வந்துவிடுகிறது. வடக்கே திருத்தணி. அதையும் தாண்டிப் போனால் பள்ளிப்பட்டுப் பக்கம் கோனேட்டம்பேட்டை. 1946 ஜூன் 4ஆம் தேதி பாலு பிறந்தது அங்கேதான். அப்போது அது சென்னை மாகாணத்துச் சித்தூர் ஜில்லா. 1953இல் ஆந்திரா. 1960 ஏப்ரலில் திருத்தணியோடு சேர்ந்து தமிழ்நாடு. இருந்த இடத்தில் இருந்தபடியே ஊர் இரண்டு முறை மாறிவிட்டது. அங்கே பிறந்தவர் மட்டும் மாறக்கூடாது என்று நாங்கள் அடம்பிடித்தோம்.

முதல் தீர்ப்பு என் சித்தப்பாவுடையது. 1969இல் ‘அடிமைப் பெண்’ வந்தது. அந்த நிலவுப் பாட்டில் எம்.ஜி.ஆருக்குப் புதுக் குரல். டி.எம்.சௌந்தரராஜனைத் தவிர வேறு மனிதர் பாடலாம் என்பதே சித்தப்பாவுக்கு ஏற்கவில்லை. “இன்னாடா இது? பாட்டுன்னா அடித்தொண்டையிலேர்ந்து வரணும். இவன் உதட்டுலேர்ந்து பாட்றான்.” மென்குரலுக்கு ஏ.எம்.ராஜா இருந்தார், பி.பி.ஸ்ரீநிவாஸ் இருந்தார், அதெல்லாம் ஜெமினி கணேசனோடு போகட்டும், கத்தி பிடிக்கிற கைக்கு இந்தக் குரலா என்பது அவர் வாதம். பாலுவுக்கு டைபாய்டு வந்து படுத்தபோது எம்.ஜி.ஆர். வேறு ஆளைப் போடாமல் காத்திருந்து பாடவைத்தார் என்ற கதை பின்னால் ஊருக்கே தெரிந்தது. சித்தப்பா அதையும் எம்.ஜி.ஆரின் வள்ளல்தன்மைக் கணக்கில்தான் எழுதினார், பாட்டுக் கணக்கில் எழுதவில்லை.

சித்தப்பாவின் தீர்ப்பில் பாதி, கல்யாண வீட்டு ரேடியோ செட்டின் தீர்ப்பு. தென்னை மரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கருக்கு அடிக்குரலும் தெரியாது, மூச்சோசையும் தெரியாது. நடுவாந்திரத்தில் உரக்க வருவதை மட்டும் அடுத்த ஊர் வரைக்கும் தள்ளும். டி.எம்.எஸ். அதில் ஏறி ஆலங்காடு போய்ச் சேர்வார். மைக்குக்கு ஒட்டி நின்று, எதிரில் ஒருத்தி இருப்பதுபோலப் பாடுகிற பாலு பந்தலைக்கூடத் தாண்டமாட்டார். டிரான்சிஸ்டர் வந்து, அதைக் காதோரம் வைத்துக்கொண்டு திண்ணையில் படுக்கும் பழக்கம் வந்த பிறகுதான் அந்தக் குரல் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது.

உச்சரிப்பைப் பற்றியும் பேச்சு இருந்தது. தமிழைச் சீர்செய்துகொண்டு வரச்சொல்லி எம்.எஸ்.விஸ்வநாதனே அவரை முதலில் திருப்பி அனுப்பினார் என்பார்கள். எங்கள் பக்கத்தில் இது எடுபடவில்லை. பாதி வீடுகளில் தெலுங்கில் திட்டி, தமிழில் சமாதானம் ஆகிற ஊர். அவர் தமிழில் எங்களுக்கு ஒரு குறையும் கேட்கவில்லை.

எழுபதுகளில் பாலு பாட்டுக்குள் சிரிக்க ஆரம்பித்தார். விம்மினார், செருமினார், பாதி வரியைப் பேச்சாகச் சொன்னார். 1974இல் ‘அவள் ஒரு தொடர்கதை’யில் சதன் பறவையும் மிருகமுமாகக் குரல் கொடுக்க, இவர் நடுவில் நின்று பாடினார். சித்தப்பா வயதுக்காரர்கள் ‘இது பாட்டா, பலகுரலா?’ என்றார்கள். எங்களுக்கோ அந்தச் சிரிப்பு வேதம். திருத்தணி ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு நடந்துபோகும் வழியெல்லாம், எந்தப் பாட்டின் எந்த இடத்தில் எப்படிச் சிரிப்பார் என்று போட்டி போட்டோம். முருகனுக்கு எங்கள் பக்தியில் சந்தேகம் வந்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ‘சங்கராபரணம்’. கே.வி.மகாதேவன் இசை. தமிழ்நாட்டிலும் தெலுங்கிலேயே ஓடிய படம். முறையாகச் சங்கீதம் படிக்காதவர், மகாதேவனின் உதவியாளர் புகழேந்தி சொல்லிக்கொடுக்க, வித்வான் பாத்திரத்துக்குப் பாடி முதல் தேசிய விருதை வாங்கிவிட்டார். பலகுரல் என்று ஏசியவர்கள் மறுநாள் காலை ‘நம்ம பாலு’ என்றார்கள். எங்கள் கோஷ்டிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இனி இவர் சால்வை போர்த்திக்கொண்டுவிடுவார், சிரிக்கமாட்டார் என்று. நல்லவேளை, சால்வையைக் கழற்றிவைத்துவிட்டு மறுபடி ஸ்டுடியோவுக்குப் போனார்.

எண்பதுகளைப் பற்றி என்னிடம் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம். எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. காலையும் மாலையும் ரயில். அரக்கோணத்தில் ஒரு கேசட் கடை. வெள்ளைத்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, 60 நிமிட கேசட்டும் காசும் கொடுத்தால் ஒரு வாரத்தில் பதிவுசெய்து தருவார்கள். என் பட்டியலில் இளையராஜாவும் பாலுவும் தவிர யாரும் ஏறியதில்லை; ஜானகி ஏறினால் பாலுவோடுதான் ஏறவேண்டும். 1982இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்து மோகன் கையில் மைக்கைக் கொடுத்தது. அந்த மைக் பல வருஷம் அவர் கையைவிட்டு இறங்கவில்லை, அதில் வந்த குரல் பெரும்பாலும் இவருடையதாகவே இருந்தது.

அந்தப் பாட்டுகளில் பல்லவி முதல் தடவை வரும்போது பாலு ராஜா சொன்னதைப் பாடுவார். திரும்பி வரும்போது வரியின் கடைசி எழுத்தில் ஒரு சிறு வளைவு வைப்பார். மூன்றாம் முறை அந்த வளைவும் இருக்காது, வேறொன்று இருக்கும். எழுதிக்கொடுத்ததா, இவராகச் சேர்த்ததா என்று வில்லிவாக்கம் வரைக்கும் சண்டை போடுவோம். ஐம்பது பேர் வாத்தியத்தோடு உட்கார்ந்திருக்க, ஒருவர் தவறினாலும் முதலிலிருந்து எடுக்கவேண்டிய காலம் அது. அந்த நெருக்கடிக்குள் ஒரு மனிதருக்கு விளையாடத் தோன்றியதே, அதற்காகத்தான் நான் இன்றுவரை கட்சி மாறவில்லை.

1981இல் ‘ஏக் துஜே கே லியே’க்காக இந்தி போனார். மதராசி வாடை அடிக்கிறது என்று அங்கே தயங்கினார்கள். கதாநாயகனே தமிழ்ப் பையன்தானே என்று பாலசந்தர் வாதாடினார். விருது வந்தது. 1983இல் ‘சாகர சங்கமம்’, அதற்கும் வந்தது. 1990இல் ‘கேளடி கண்மணி’யில் மூச்சுவிடாமல் பாடுகிற சரணம். அப்போது எனக்குக் கீழ்வயதுப் பையன்கள் மணவூர் பிளாட்பாரத்தில் கைக்கடிகாரம் பார்த்துக்கொண்டு அதைப் பாடி முகம் சிவந்து நின்றார்கள். பாட்டு மூச்சுப் பயிற்சியாகிவிட்டதே என்று எனக்கு முதல்முறையாக வருத்தம். அடுத்த வருஷம் ‘சிகரம்’. கதாநாயகன் அவர், இசையும் அவர். தன் இசையில் ஒரு நல்ல பாட்டைத் தானே பாடிக்கொள்ளாமல் யேசுதாஸைக் கூப்பிட்டுக் கொடுத்தார். பாடகராக அவர் எடுத்த முடிவுகளில் எனக்கு மிகப் பிடித்தது, பாடாமல் விட்ட அந்தப் பாட்டு.

பிறகு அவர் என் கணக்கில் கெட்டுப்போனார். ‘அண்ணாமலை’யில் ரஜினிக்குப் பால்காரர் பாட்டு, ‘பாட்ஷா’வில் ஆட்டோக்காரர் பாட்டு, ‘முத்து’, ‘அருணாசலம்’, ‘படையப்பா’. குரல் கனத்துவிட்டது, விசில் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி எடுத்து எறிந்து பாடினார். அந்தக் கடைசி எழுத்து வளைவு எங்கே? ஆட்டோவில் வைக்க இடமில்லை. ஏ.ஆர்.ரகுமானிடம் பாடகர் தனியாக, வாத்தியம் தனியாக. வரி வரியாகப் பதிந்து பிறகு கோத்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ‘முடிந்தது, கம்ப்யூட்டர் பாடுகிறது’ என்று அறிவித்தேன். அந்த ரகுமானின் ‘மின்சார கனவு’தான் அவருக்கு ஆறாவது தேசிய விருதைக் கொடுத்தது. தெலுங்கில் மூன்று, இந்தியிலும் கன்னடத்திலும் ஒவ்வொன்று வாங்கியவருக்குத் தமிழில் கிடைத்த ஒரே தேசிய விருதும் அதுதான். என் பொற்காலத்துத் தமிழ்ப் பாட்டு ஒன்றுக்கும் டில்லி அசையவில்லை. டில்லியைப் பற்றிய என் கருத்தும் அன்றே முடிவாகிவிட்டது.

இதில் எனக்குப் பெரிய அடி சித்தப்பாவிடமிருந்து வந்தது. ஒரு பொங்கலன்று தொலைக்காட்சியில் ரஜினி அறிமுகப் பாட்டு. எழுபதைத் தாண்டிய சித்தப்பா ஈசிசேரில் நிமிர்ந்து உட்கார்ந்து முழுதாகக் கேட்டார். “இப்பதான்டா பாடக் கத்துக்கினான். பார், அடித்தொண்டையிலேர்ந்து வர்து.” இத்தனை வருஷம் காத்திருந்து ஜெயித்த மனிதர். நான் எழுந்து பேட்டரி வாங்கக் கடைக்குப் போய்விட்டேன்.

2020 செப்டம்பர் 25 அன்று பாலு போனார். தாமரைப்பாக்கம் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பிறந்த ஊரும் அடங்கிய ஊரும் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே அமைந்தன. மறுவருஷத் தீபாவளிக்கு ‘அண்ணாத்த’ வந்தபோது, அதிலும் அறிமுகப் பாட்டு அவர் குரலில்தான்.

இப்போது பொறுப்பு அடுத்த கைக்கு மாறுவது எனக்குக் கண்கூடாகத் தெரிகிறது. என் பேத்தி கல்லூரி படிக்கிறாள். போனில் ‘படையப்பா’ பாட்டை ஓடவிட்டுவிட்டு, “அந்தக் காலத்துலதான் தாத்தா பாட்டு பாட்டா இருந்திச்சு” என்கிறாள். எந்தக் காலத்தில்? 1999இல்! அது நாடு கெட்டுப்போன வருஷம் என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. இரண்டு காதிலும் இயர்போன்.

இதற்கு நடுவே செயற்கை நுண்ணறிவு வந்தது. 2023இல் வெளியான ஒரு தெலுங்குப் படத்தில் அவர் குரலை இயந்திரத்தால் செய்து பயன்படுத்தினார்கள் என்று மகன் சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். நியாயம்தான். ஆனால் எங்கள் ஊர்த் தீர்ப்பாளர்கள் அத்தனை பேரும் ஆயுசு முழுக்கக் கேட்டது இதைத்தானே? 1974 என்றால் 1974இலேயே நிற்கும். 1985 என்றால் அங்கேயே. சால்வை போர்த்தாது, ஆட்டோ ஏறாது, குரல் கனக்காது, மூன்றாம் தடவை பல்லவியில் வேறு வளைவு வைத்து நம்மை ஏமாற்றாது. சொன்ன இடத்தில் நிற்கிற பாலு கிடைத்தே விட்டார். அப்படி ஒன்றைப் பேத்தி போட்டுக் காட்டினாள். சரணம் முடியுமுன் நிறுத்தச் சொன்னேன். அதில் பிழையே இல்லை, அதுதான் கோளாறு.

என் தீர்ப்பு மாறவில்லை: 1979 முதல் 1985 வரை, அதற்கு முன்னும் பின்னும் வந்ததெல்லாம் போனஸ். மறுப்பவர்கள் காலை 7 மணிக்குள் மணவூர் ஸ்டேஷனுக்கு எதிரில் இருக்கும் டீக்கடைக்கு வரலாம். கேசட் கொண்டுவர வேண்டாம், பிளேயர் ரிப்பேர்.