கனகம்மாசத்திரத்து வெள்ளைக்கோடு: வெறுங்கால் தூக்கும் முறை பற்றிய ஓர் ஆராய்ச்சி

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில், திருத்தணிக்கு முன்னதாக வரும் கனகம்மாசத்திரத்தில், ஆடிக் கிருத்திகையை ஒட்டிய நாள்களின் உச்சிவெயிலில் காவடியும் பால்குடமும் சுமந்து வெறுங்காலோடு நடப்போர், அகன்ற தார்ச்சாலையைக் கைவிட்டு, அதன் ஓரத்தில் ஒரு சாண்கூட அகலமில்லாத வெள்ளைக்கோட்டின் மேல் ஒருவர்பின் ஒருவராகச் செல்வது ஏன் என்னும் வினா, உரையாசிரியர்களாலும் தலபுராணம் பாடியோராலும் தீண்டப்படாமலே கிடக்கிறது. கருப்பு வெயிலை விழுங்கும், வெள்ளை அதைத் திருப்பியனுப்பும் என்று விடை கூறிவிடலாம்; அது பள்ளிப்பிள்ளைகளும் அறிந்த இயற்பியலாதலின் ஆய்வாளருக்குப் பெருமை சேர்க்காது. தாரிலிருந்து காலைத் தூக்கியதும் கோட்டின் மேல் வைத்ததும் ஒருவரேயா, அன்றி இருவேறு அதிகாரிகளா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பாதத்தின் தோலில் வெப்பம் ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும், அங்கே வந்து முடியும் உணர்வு நரம்பணுவின் சவ்விலுள்ள டிஆர்பிவி1 என்னும் புரதக் கதவு திறந்துகொள்கிறது. டேவிட் ஜூலியஸின் குழுவினர் 1997-இல் இக்கதவை இனங்கண்டனர். 2021-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர்களுக்கு வழிகாட்டியது மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் என்பதும், அதுவும் இதே கதவைத் திறப்பதால் ஆவக்காய் தொட்ட நாக்கும் தார் மிதித்த காலும் ஒரே வகைப் புகாரையே அனுப்புகின்றன என்பதும் இவ்வட்டாரத்தார் பெருமிதம் கொள்ளத்தக்க செய்திகள். (1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, ஊறுகாய்க்கு எவரும் எல்லைக்கல் நடவில்லை.)

கதவு திறந்ததும் நேர்மின் அயனிகள் உள்ளே புகுகின்றன. ஓய்விலிருக்கும் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். அது ஓர் அளவுக்குமேல் குறைந்தால் சோடியம் அயனிகள் பாய்ந்து உட்புறத்தை நேர்மின்னாக மாற்ற, உடனே பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலையை மீட்க, அந்தக் கொந்தளிப்பு அடுத்த இடத்தைத் தூண்டித் தூண்டி நரம்பிழை நெடுக ஓடுகிறது. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் ஊசிக்கணவாயின் தடித்த நரம்பிழையில் இதை அளந்து 1952-இல் கணக்காக வெளியிட்டனர். இழையின் முடிவில், அடுத்த அணுவுக்கு முன்னுள்ள சினாப்ஸ் என்னும் நுண்ணிய இடைவெளியை, மின்சாரத்துக்குப் பதில் பெரும்பாலும் ஒரு வேதிப்பொருளே கடக்கிறது.

இவ்வாறு கிளம்பிய செய்தி மூளைக்குப் போய்த்தான் உத்தரவு வரவேண்டும் என்று எண்ணுவது அறியாமை. முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்திலேயே ஓர் இடைநரம்பணு அதை வாங்கி, இயக்க நரம்பணுவிடம் கொடுத்துத் தொடையின் மடக்குதசையைச் சுருங்கவைக்க, கால் எழும்புகிறது. இந்தச் சுற்றுப்பாதைக்கு அனிச்சை வில் என்று பெயர். மணியக்காரர் முடித்துவைத்த வழக்கில் பிறகு கையெழுத்திடும் தாசில்தாரைப் போல, மூளை பின்னர் செய்தி அறிந்து, தானே தூக்கியதாகக் கருதிக்கொள்கிறது.

வலியும் இரு தவணையாகவே வருகிறது. மெல்லிய மையலின் உறையுடைய இழைகள் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரையில் கடத்துவதால் சுருக்கென்ற குத்தல் முந்திக்கொள்ள, உறையற்ற இழைகள் நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைவாகவே ஊர்வதால் எரிச்சல் சற்றுப் பிந்துகிறது. அதற்குள் பாதம் தாரைவிட்டு எழுந்தும் விடுகிறது.

ஒரு காலைத் தூக்கினால் விழவேண்டுமே, ஏன் விழவில்லை என்பாருக்குச் சார்லஸ் ஷெரிங்டன் விடை தந்துள்ளார்: அதே செய்தி தண்டுவடத்தின் மறுபக்கத்துக்கும் தாண்டி, மற்றக் காலின் நீட்டுதசையை விறைக்கச் செய்து உடலைத் தாங்குகிறது. ஆயினும் ஷெரிங்டன் ஆடிமாதத்துத் தாரைக் கண்டவரல்லர். தாங்கவேண்டிய காலும் சுடுமிடத்திலேயே நிற்பதால், ‘நீட்டு’ என்றும் ‘மடக்கு’ என்றும் ஒரே காலுக்கு இரு கட்டளைகள் வந்துசேர, அவற்றின் சமரசமாகப் பிறப்பதே சாலையோரத்தில் காணப்படும் அந்தத் தத்தல் நடை. இதை அருளாட்டம் என மயங்குவோர் உளர். அருளாட்டம் வெள்ளைக்கோட்டை அடைந்ததும் நிற்பதில்லை என்பதே இரண்டுக்குமுள்ள வேறுபாடு.

இனி, பால்குடம் சுமந்தவர் சூட்டிலும் காலை உதறாமல் சீராக நடப்பதும் விளக்கத்துக்கு உரியது. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப்பாதைகள், என்கெஃபலின் முதலிய உடலின் சொந்த வலிநீக்கிகளின் துணையோடு, அனிச்சையை ஓரளவு அடக்கவல்லவை. ஆகவே தூக்குவது தண்டுவடம், தூக்காதிருப்பது தலை, கோட்டைத் தேடிப்பிடிப்பதும் தலை என்று அதிகாரம் பிரிந்து நிற்பது தெளிவு. பால் சிந்தாமைக்குரிய புகழ் தலைக்கே சேரும்.

நெடுநாள் நீரிழிவால் பாத நரம்புகள் பழுதுபட்டவருக்கோ முதல் கதவிலிருந்தே செய்தி கிளம்பாமல் போகலாம். அவர் தார்ச்சாலையில் நிதானமாக நடந்து செல்வதைப் பக்தியின் முதிர்ச்சியென்று வியப்பது தவறு, மாலையில் அவர் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று உடன்வருவோர் பார்ப்பதே சரி. மற்றபடி, ஆடி பிறக்கும் முன்பே கனகம்மாசத்திரத்து வெள்ளைக்கோட்டைப் புதிதாகத் தீட்டி, இயன்றால் இருவர் ஒதுங்கி நடக்குமளவு அகலப்படுத்துமாறு நெடுஞ்சாலைத் துறையினரை இவ்வாய்வு பணிவுடன் வேண்டுகிறது.