சென்னை மேற்குப் புறநகரில் பீட்டா அழைப்பு: தாயக்கட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

தொல்காப்பியப் பாயிரமே எல்லை சொல்லித்தான் தொடங்குகிறது என்பதால் இக்கட்டுரையும் அவ்வாறே தொடங்குகிறது. வடக்கே புழல் ஏரி, தெற்கே பூந்தமல்லி நெடுஞ்சாலை, கிழக்கே பாடி மேம்பாலம், மேற்கே பட்டாபிராம். இதற்குள் வசிக்கும் ஒருவருக்கு, இணையத்தில் ஆடும் பலகை விளையாட்டுச் செயலி ஒன்றை அது வெளிவருமுன் ஆடிப் பார்த்துக் குறை சொல்லும்படி வரும் அழைப்பே ஆய்வுப் பொருள். முகப்பேர்க்காரர்கள் தங்கள் முகவரியை அண்ணா நகர் மேற்கு விரிவு என்று எழுதிக்கொள்வதால், அவர்கள் விருப்பத்தை மதித்து ஆய்விலிருந்து விலக்கப்பட்டுள்ளனர்.

அழைப்பு என்றாலே ஒரு மயக்கம் உண்டு. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தபோது யாரும் தாமாகச் சேர முடியவில்லை; உள்ளே இருப்பவர் கூப்பிட வேண்டும். அந்த அழைப்புகள் ஈபேயில் ஏலம் போயின. 2007-ல் கதவைத் திறந்துவிட்டார்கள். ஆனாலும் பெயரோடு ஒட்டியிருந்த ‘பீட்டா’ 2009 ஜூலையில்தான் உதிர்ந்தது. அதுவரை அத்தனை பேரும் சோதனையாளர்களாகத்தான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம். யாரும் நம்மிடம் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. குழம்புக்கு உப்பு பார்க்க அடுப்படிக்குக் கூப்பிடுவது மரியாதையா வேலையா என்று நம் வீடுகளில் யார் கேட்கிறார்கள்? உள்ளங்கையில் இரண்டு சொட்டு விழும், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நகர வேண்டும். பந்தியில் அதற்காகத் தனி இலை கிடையாது.

அழைப்புகளை மரபுப்படி அகம், புறம் என்று பிரிப்பதில் சிக்கல் இல்லை. பட்டியலில் பெயர் உள்ளவர் மட்டும் நுழையும் மூடிய பீட்டா அகம். எவரும் நுழையும் திறந்த பீட்டா புறம். புறத்தில் ஆராய ஒன்றுமில்லை. அகத்தில் மூன்று நிலை உண்டு. இவர் ஆட்டக்காரர் என்றறிந்து நிறுவனம் அழைக்க, அவரும் மனமுவந்து செல்வது அன்பின் ஐந்திணை. நம் எல்லைக்குள் இது அரிது. விண்ணப்பம் போட்டுவிட்டு மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பது கைக்கிளை. இதற்கு உலக வரலாற்றிலேயே நல்ல சான்று இருக்கிறது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவதை இணையத்தில் ஆடுவதற்கென்று ஒரு மென்பொருள் செய்து, 2010-ல் சந்தாதாரர்களைத் தவணை தவணையாக அழைக்கத் தொடங்கியது. 2012-ல் பீட்டா நிலையிலேயே அதை மூடிவிட்டது. அழைப்புக்காக ஏங்கியவர்களும் அழைப்பு கிடைத்து அலட்டிக்கொண்டவர்களும் ஒரே நாளில் சமமானார்கள்.

மூன்றாவது பெருந்திணை. விளையாட்டில் ஆர்வமில்லை, செல்பேசியில் பழக்கமில்லை, ஆனாலும் தங்கச்சி மகன் கேட்டுவிட்டான் என்பதற்காக உள்ளே இழுக்கப்படும் நிலை. மேற்குப் புறநகரில் நிலவுவது பெரும்பாலும் இதுவே. இதற்கான காரணத்துக்குப் போகுமுன் இவ்வட்டாரத்தின் தகுதியை நிறுவ வேண்டியுள்ளது.

பலகை விளையாட்டின் ஒரு பெரிய கிளை போர்ப் பயிற்சியிலிருந்து முளைத்தது. பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-ல் மேசைமேல் வரைபடம் விரித்து, காய் நகர்த்தி, பகடை உருட்டிப் போர் நடத்தும் முறையைத் தளபதிகளுக்கு ஆடிக் காட்டினார். அதன் வழிவந்த பொம்மைச் சிப்பாய் ஆட்டங்களிலிருந்துதான் 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கினார்கள். அதே 1974-ல் இந்திய அரசு அர்ஜுன் டாங்கித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. வடிவமைப்பு ஆவடியின் போர் ஊர்தி ஆய்வு நிறுவனமான சி.வி.ஆர்.டி.இ., தயாரிப்பு அதே ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை. ராணுவம் ஓட்டிப் பார்த்தது, குறை எழுதியது, இவர்கள் திருத்தினார்கள், மறுபடி ஓட்டிப் பார்த்தது, மறுபடி எழுதியது. நடுவில் ராணுவம் கேட்ட தேவைகளின் பட்டியலே மாறியது. முதல் வண்டிகள் ராணுவத்தின் கைக்குப் போனது 2004-ல், அதாவது ஜிமெயில் அழைப்பு ஏலம் போன ஆண்டில். முப்பது ஆண்டுக்கால மூடிய பீட்டாவைப் பொறுமையாக நடத்திய ஊர் ஆவடி. இதையெல்லாம் தற்செயல் என்று தள்ளிவிடலாம்தான். தள்ளினால் கட்டுரையில் பாதி போய்விடும்.

பூந்தமல்லிக்கும் இந்தத் தகுதி உண்டு. ஓட்டுநர் இல்லாத மெட்ரோ 2025 மார்ச்சில் பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம்வரை சோதனை ஓட்டம் ஓடியது. அதன்பின் பயணியே இல்லாத ரயில் தலைக்குமேல் போய்வருவதைக் கீழே நெரிசலில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அழைப்பில்லாத மூடிய பீட்டாவுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. அம்பத்தூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எஸ்டேட்டில் ஒரு லேத்துப் பட்டறை என்றால் அங்கே தினமும் புழங்கும் சொல் ‘சாம்பிள்’. முதல் பீஸ் பாஸ் ஆகாமல் லாட் ஓடாது.

ஒரே ஒரு தடை இருக்கிறது. மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் வித்யாலயாவில் படித்த குகேஷ் 2024 டிசம்பரில் 18 வயதில் செஸ் உலக சாம்பியன் ஆனதிலிருந்து, பிள்ளைகள் ஆடத்தக்க பலகை விளையாட்டு ஒன்றே ஒன்றுதான் என்று சுற்றுவட்டாரப் பெற்றோர் முடிவுகட்டிவிட்டார்கள். செஸ் ஆடினால் கோச்சிங், தாயம் ஆடினால் ‘போய்ப் படி’.

இனி காரணத்துக்கு வருவோம். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் கணக்குத் தொடங்கிய எவரும் கூகுள் பிளேயில் செயலி வெளியிடுவதானால், முதலில் 20 பேரைக் கொண்டு தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனை நடத்த வேண்டும் என்று விதி வந்தது. 2024 டிசம்பரில் 20 என்பது 12 ஆகக் குறைந்தது. நாள் குறையவில்லை. கணக்குத் தொடங்க 25 டாலர் ஒரு தடவை கட்டினால் போதும். 12 மனிதர்களை 14 நாள் கட்டிவைப்பதற்கு இன்னும் விலை நிர்ணயிக்கப்படவில்லை. தாயக்கட்டையில் இரண்டும் வெறுமுகமாக விழுந்தால் 12 என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். வெறுமைக்குப் பன்னிரண்டு தருவது தாயம். வெறுங்கையோடு வருபவனிடம் பன்னிரண்டு கேட்பது கூகுள்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இளைஞர் திருமுல்லைவாயலில் ஓர் அடுக்ககத்தில் குடியிருக்கிறார். பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐ.டி. வேலை, இரவில் சொந்தமாகத் தாயக்கட்டச் செயலி. நண்பர்களில் நான்கு பேர் சேர்ந்தார்கள். மீதிக்கு அடுக்கக வாட்ஸாப் குழுவும் உறவும்தான் கதி. அழைப்பு அனுப்ப ஒவ்வொருவரின் ஜிமெயில் முகவரியும் தேவை. பூந்தமல்லிப் பெரியம்மாவோடு நடந்த உரையாடல் இத்துறைக்கு முதன்மைச் சான்று:

“ஜிமெயில் ஐடி என்ன பெரியம்மா?”

“அதெல்லாம் உங்க அண்ணன் போட்டுக் குடுத்ததுடா. அவன் நியூ ஜெர்சில தூங்கிட்டிருப்பான், ராத்திரி கேட்டுச் சொல்றேன்.”

“சேர்ந்த பிறகு இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது, சரியா?”

“நான் யார்கிட்டடா சொல்லப் போறேன்.”

மாலைக்குள் நசரத்பேட்டை, கரையான்சாவடி, குமணன்சாவடி மூன்றுக்கும் செய்தி எட்டியது. ரகசியம் காத்தல் என்ற பீட்டா நெறி இவ்வெல்லைக்குள் செல்லுபடியாகாது.

ஒருவழியாகப் பன்னிரண்டு பேர் சேர்ந்து சோதனை தொடங்கியது. முதல் குற்றச்சாட்டு, கட்டை ஏமாற்றுகிறது என்பது. 2020 ஊரடங்கில் லூடோ ஆடிய எல்லோருக்கும் இந்தச் சந்தேகம் பழக்கம்தான். கணக்கைப் பார்ப்போம். கட்டை ஒன்றுக்கு நான்கு முகம்: 1, 2, 3, வெறுமை. இரண்டு கட்டை விழும் வகை 16. அதில் தாயம், அதாவது ஒன்று, இரண்டே வகையில் விழும். எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆறு ஒரே வகை, பன்னிரண்டு ஒரே வகை, ஐந்து இரண்டு. மிக அதிகம் விழுவது யாருக்கும் வேண்டாத மூன்று: நான்கு வகை. பத்து முறை உருட்டியும் தாயம் விழாமல் போக நூற்றுக்கு 26 வாய்ப்பு உண்டு. ஆக, பன்னிரண்டு பேர் ஆடினால் மூன்று பேர் பத்து உருட்டலுக்குப் பிறகும் காய் இறக்காமல் உட்கார்ந்திருப்பது இயல்பு. அந்த மூவரில் ஒருவர் பெரியம்மா என்பது இளைஞரின் நேரம்.

திண்ணையில் இந்த வாய்ப்புக் கணக்கு செல்லாது. பித்தளைக் கட்டையை இரு உள்ளங்கைக்கு நடுவே தேய்த்து, ஒரு வேகத்தில் நழுவவிட்டுத் தாயம் கேட்டு வாங்குபவர்கள் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். அது கைப்பழக்கமா கள்ளாட்டமா என்பது எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்தது. திரையைத் தொட்டால் உருளும் கட்டையிடம் யாரும் எதையும் கேட்டு வாங்க முடியாது. குறிப்பேட்டில் இக்குறை இப்படிப் பதிவானது: “கட்டைக்கு உயிர் இல்லை.”

அடுத்து வந்தவைதான் ஆய்வின் மையம். ஒரு காயை வெட்டினால் இன்னோர் ஆட்டம் உண்டா? எதிராளியின் காயில் ஒன்றையாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குப் போகலாமா? மலையில் நிற்கும் காயோடு எதிராளியின் காய் சேர்ந்து நிற்கலாமா? ஆளுக்கு நான்கு காயா, ஆறா? பழமாவதற்குச் சரியான எண் விழ வேண்டுமா, மிச்சம் போனால் போகட்டுமா? ஒவ்வொரு சோதனையாளரும் தம் வீட்டு வழக்கத்தை எழுதி, செயலி அதிலிருந்து விலகுவதைப் பிழை என்று குறித்திருந்தார். செயலி இவரிடம் சரியென்றால் அவரிடம் பிழை.

“வெட்டுனா இன்னொரு ஆட்டம் தரல, உன் ஆப்பு தப்பா இருக்குடா.”

“ரூல்ல இல்ல பெரியம்மா.”

“எந்த ரூல்ல?”

இந்தக் கேள்விக்கு விடை இல்லை. செஸ்ஸுக்கு உலகக் கூட்டமைப்பு இருக்கிறது. அச்சிட்ட சட்டப் புத்தகம் இருக்கிறது. தாயத்துக்கு இருப்பது பாட்டிகள். சென்னையிலேயே கிரீடா நிறுவனம் பழைய விளையாட்டுகளை விதித்தாளோடு பெட்டியில் போட்டு விற்கிறது; வாங்குபவர்கள் விதித்தாளைப் பார்த்து ‘எங்க ஊர்ல இப்படி இல்லையே’ என்று சொல்வதும் அந்த விளையாட்டின் ஒரு பகுதி. மேசையைச் சுற்றி ஆடும் ஆட்டத்தின் உயிர்நாடியே ஆட்டம் தொடங்குமுன் நடக்கும் தகராறு. மென்பொருளுக்குத் தகராறு செய்யத் தெரியாது. அது தனக்குச் சொல்லப்பட்டதைச் செய்துவிட்டு, அடுத்தவர் முறை என்று காட்டிவிடுகிறது. ஆகவே மேற்குப் புறநகரில் பீட்டா சோதனை என்பது செயலியின் பிழைகளைக் கண்டறியும் செயல் அல்ல, அடுத்த வீட்டுப் பாட்டியின் பிழைகளைக் கண்டறியும் செயல் என்பதே இவ்வாய்வின் துணிபு.

விதிவிலக்கு ஒருவர். எஸ்டேட்டில் ஆயுள் முழுக்கக் குவாலிட்டி பார்த்து ஓய்வுபெற்ற, மூன்றாம் மாடி சார். அவர் பாட்டியை இழுக்கவில்லை. கோடு போட்ட நோட்டில் வரிசை எண், குறை, ரீவொர்க்கா ரிஜெக்டா, தேதி, கையொப்பம் என்று பத்தி பிரித்து எழுதினார். பச்சைக் காயும் நீலக் காயும் இரவு விளக்கில் ஒன்றுபோல் தெரிகின்றன. போன் அழைப்பு வந்தால் ஆட்டம் நின்றுவிடுகிறது. பெரிய எழுத்து வைத்தால் பொத்தான் மறைகிறது. எல்லாமே உண்மையான குறைகள். “முதல் பீஸ் ஓகே ஆகாம நீ லாட் ஓட்டக் கூடாது தம்பி” என்று இளைஞரை லிஃப்டில் பிடித்துச் சொன்னார்.

பாட்டி வழக்குகளைத் தீர்க்க இளைஞர் கண்ட வழி, விதிகளையே தேர்வாக்கிவிடுவது. ஆம் அல்லது இல்லை என்று எட்டுத் தேர்வுகள். எட்டு என்றால் 256 வகைத் தாயம். உடனே சண்டை, ஆட்டத்தைத் திறப்பவர் வைத்த தேர்வு செல்லுமா, வயதில் மூத்தவர் வைத்தது செல்லுமா என்று இடம் மாறியது. ஓய்வுபெற்ற சார் இதை ‘வடிவமைப்புக் குறை’ என்று எழுதினார்.

இத்தனைக்கும் நடுவில், செயலியின் மிகப் பெரிய ஓட்டை பதிவாகவே இல்லை. இரண்டாம் மாடியில் எட்டாம் வகுப்பு படிக்கும் பையன், அப்பாவின் கணக்கில் அழைக்கப்பட்டவன், எல்லோரையும் தோற்கடித்துக்கொண்டிருந்தான். பிடிக்காத எண் விழுந்தால் செயலியை மூடித் திறப்பான். கட்டை புதிதாக உருளும். தாயம் விழும்வரை மூடித் திறப்பான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, பிழை இருந்தால்தானே சொல்லச் சொன்னீங்க அண்ணா, இது நல்லாத்தானே இருக்கு என்றான். குறை என்பது தோற்பவர் பார்வையில் மட்டும் தெரியும் பொருள் என்ற இந்தக் கருத்து இத்துறையில் மேலும் ஆராயத் தக்கது.

இளைஞர் அன்றிரவே ஓட்டையை அடைத்தார். மறுநாள் பையன் தோற்றான். அதற்கு மறுநாள் அப்பாவின் கணக்கிலிருந்து சோதனையை விட்டு விலகினான். பன்னிரண்டு பதினொன்றானது; பதினான்கு நாள் மறுபடி முதலிலிருந்து. இரவு பதினொன்றரைக்கு ஆய்வாளருக்கு அழைப்பு வந்தது. காய் தாயத்துக்கு மட்டும்தான் இறங்குமா, ஐந்துக்கும் இறங்குமா என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன். ஐந்துக்கும் இறங்கும் என்பதே எங்கள் வீட்டு வழக்கு.