கறையான் சென்சார் செய்த பாட்டு

பாட்டுக்கு சென்சார் வைக்கும் பழக்கம் வெள்ளைக்காரனோடு கப்பலில் வந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? ஸாரி. அவன் வருவதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே சிதம்பரத்தில் ஆபீஸ் திறந்தாகிவிட்டது. ஒரு அறை, ஒரு பூட்டு, உள்ளே தேவாரச் சுவடிகள். ஸ்டாஃப் என்று பார்த்தால் கறையான் மட்டும்தான்.

கதையைச் சொல்வது திருமுறை கண்ட புராணம். எழுதியவர் உமாபதி சிவம் என்பார்கள். அவரே சிதம்பரம் கோயிலில் பூஜை செய்யும் தில்லை தீட்சிதர்களில் ஒருவர். பின்னால் அவர்களே தள்ளிவைக்க, ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் போய் உட்கார்ந்தவர். ஆக, உள் ஆள் கொடுத்த தகவல்!

சோழ ராஜாவுக்குத் தேவாரம் முழுசாக வேண்டும். ராஜராஜன் என்று ஊரே சொல்கிறது, நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். ஈழம் வரை படை அனுப்பியவர், பின்னால் திருமுறையைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பியையும் கூட்டிக்கொண்டு வந்து, ஒரு சின்னக் கதவு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். தீட்சிதர்களின் பதில் ரொம்ப மரியாதையானது: ‘பாடிய மூவரும் நேரில் வந்தால் திறக்கிறோம்.’ சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் சிவலோகம் போய் நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஓடிபி போவதோ அவர்கள் நம்பருக்கு மட்டும்!

ராஜா வாளை உருவவில்லை. மூவருக்கும் சிலை செய்து, மேளதாளத்தோடு ஊர்வலமாகக் கொண்டுவந்து கதவு முன்னால் நிறுத்தினார். ‘வந்துவிட்டார்கள், திறவுங்கள்.’ இது வெறும் சிலைதானே என்று யாராவது வாய் திறக்க முடியுமா? அப்புறம் உள்ளே சபையில் ஆடிக்கொண்டிருப்பவர் யார் என்று கேள்வி வருமே!

பூட்டு திறந்தது. உள்ளே புற்று. மூவரும் பாடியது ஒரு லட்சத்து மூவாயிரம் பதிகம் என்பது ஐதீகம். இன்று நம் கையில் இருப்பது சுமார் எண்ணூறு. ராஜா கலங்கி நிற்க, வானத்திலிருந்து குரல் வந்ததாம்: இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நாமே அரிக்கவிட்டோம் என்று. கறையானுக்கு இப்படி ஒரு வக்கீல் கிடைத்தது உலகத்தில் வேறெங்கும் இல்லை.

சரி, வரிகள் கிடைத்தன, மெட்டு? அதற்கு விருத்தாசலம் பக்கம் எருக்கத்தம்புலியூருக்குப் போனார்கள். பாணர் குலத்துப் பெண் ஒருத்தி பாடிக்காட்டினாள். தொண்டைக்குள் கறையான் ஏறவில்லை.

சிதம்பரத்துக்காரர்களை மட்டும் கேலி செய்வது நியாயமில்லை. சில ராகங்கள் ஆளைச் சோம்பேறியாக்கும், நாட்டுக்குள்ளேயே விடக்கூடாது என்றார் பிளேட்டோ. அத்தனை பெரிய மூளை!

இப்போது பஸ் ஏறிக் கடலூருக்கு வாருங்கள். 1918 நவம்பர் 11, முதல் உலகப்போர் முடிந்தது. ஜெர்மானியச் சக்கரவர்த்தியை ஜெயித்த பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் ஒன்பதாம் நாள், புதுச்சேரி எல்லையைத் தாண்டிய முண்டாசு கட்டிய ஒரு ஒல்லி மனிதரைப் பிடித்துக் கடலூரில் உள்ளே வைத்தது. சுப்பிரமணிய பாரதி. டிசம்பர் 14 வரை சிறை. அப்புறமும் சும்மா விடவில்லை: எதை எழுதினாலும் முதலில் சிஐடி டிஐஜிக்குக் காட்ட வேண்டும். பயத்தையே பாட்டால் ஓட ஓட விரட்டியவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். நாமாக இருந்தால் முதல் நாளே பேனா கேட்டிருப்போம்.

1921இல் பாரதி போய்ச் சேர்ந்தார். 1928இல் பர்மா அரசு அவர் பாட்டுப் புத்தகங்களைத் தடை செய்ய, பின்னாலேயே சென்னை அரசும் பறிமுதல் செய்தது. ஆள் போய் ஏழு வருஷம், பயம் போகவில்லை! சட்டசபையில் காங்கிரஸ்காரர் சத்தியமூர்த்தி அரசைக் கிழித்தெடுத்தார்.

எனக்கு என்ன தோன்றுகிறதென்றால், தீட்சிதரோ டிஐஜியோ பாட்டின் பலத்தை மனதார நம்பினவர்கள் அவர்கள்தான். நாம்தான் அதை ரிங்டோனாக வைத்துவிட்டு மறந்துபோகிறோம்.

சுதந்திரம் வந்ததும் எல்லாம் சரியாயிற்றா? மறுபடி சிதம்பரம். சிவனடியார் ஆறுமுகசாமிக்குக் கோயிலின் சிற்றம்பல மேடையில் ஏறித் தேவாரம் பாட ஆசை. 2000இல் பாடப்போய் அடிபட்டார். மேடையில் பூஜை எங்கள் மரபு, கீழே நின்று தாராளமாகப் பாடட்டும் என்பது தீட்சிதர்கள் தரப்பு. நாயன்மார் பாட்டுக்கு மாடிப்படி தடை! 2008இல் அரசாணை வந்தது. மார்ச் 2ஆம் தேதி, எழுபதைத் தாண்டிய அந்த மனிதர் தள்ளுமுள்ளுக்கு நடுவே, போலீஸ் புடைசூழ மேடையேறிப் பாடினார். பக்கவாத்தியம் லத்தி.

2014இல் உச்ச நீதிமன்றம், அரசு எடுத்துக்கொண்டிருந்த கோயில் நிர்வாகத்தைத் தீட்சிதர்களிடமே திருப்பிக் கொடுத்தது. 2022 மே மாதம் இன்னொரு அரசாணை: பக்தர்கள் அதே மேடையில், அதாவது கனகசபையில், ஏறித் தரிசனம் செய்யலாம். 2023 ஆனித் திருமஞ்சனம் வந்தது. நான்கு நாள் யாரும் கனகசபையில் ஏறக் கூடாது என்று கோயிலுக்குள் ஒரு போர்டு தொங்கியது. அறநிலையத் துறை அதிகாரிகள் போலீஸோடு போய் அதைக் கழற்றினார்கள்.