ஒரு கொப்பு ஒடிச்சிக்கிறேன்

டயகமவில் எந்த லயத்துக்குப் போனாலும் ஒரு பூக்கன்று அக்கா இருப்பார். இஸ்தோப்பில் பால்மா டின், பெயின்ட் வாளி, கைப்பிடி போன கோப்பை என்று எதிலும் ஒரு கன்று நிற்கும். ஒன்றுகூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை. கல்யாண வீடோ எழவு வீடோ, அவர் கண் முதலில் போவது பூச்சாடிக்குத்தான். "தங்கச்சி, ஒரு கொப்பு ஒடிச்சிக்கிறேன்" என்று சொல்லி முடிக்கும்போது கொப்பு முந்தானை முடிச்சில் இருக்கும். மணிபிளாண்டுக்கு அந்த மரியாதையும் கிடையாது. அது களவெடுத்தால்தான் வேர் பிடிக்குமாம்.

கைராசிக்குக் குறைவில்லை. தேயிலைத் தவறணையில் பழகிய கை. ஓர் இலை, அதன் கக்கத்தில் ஒரு மொட்டு, விரல் நீளம்கூட வராத தண்டு. பொலித்தீன் பையில் ஊன்றி நிழல் கட்டினால் போதும். விதைத் தேயிலைதான் செடிக்குச் செடி குணம் மாறும். துண்டு வைத்தது மாறாது. தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் 2025ஆம் இலக்கத் தேயிலையை நட்டால் 2025தான் வரும், 2026 வராது. இந்த ஒழுக்கத்தைத்தான் அக்கா வரியோடிய செடிகளிடமும் எதிர்பார்க்கிறார்.

அவை கேட்டால்தானே! கிளாக்கரையா வீட்டு மஞ்சள்கரைப் பாம்புச்செடியில் ஓர் இலையை வெட்டி ஊன்றினார். மாதக்கணக்கில் காக்கவைத்து முளைத்தது முழுப் பச்சை. "குடுக்கிற மனசு இருந்தாத்தானே கரை வரும்" என்று தீர்ப்பு. டீமேக்கரையா வீட்டு மணிபிளாண்டில் வெள்ளை மிகுந்த நுனியாகத் தேடிக் கிள்ளினார். பால் வெள்ளையில் இரண்டு இலை விட்டது, லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது, பிறகு செத்தது. "கண்ணு பட்டுருச்சு." குளிருக்குப் பயந்து அடுப்படி மூலையில் வைத்த இன்னொன்று, புது இலைக்குப் புது இலை பச்சையாகிக்கொண்டே போனது. அதைக் கொடுத்த வீட்டுக்காரி வாக்கு மாறுகிறவளாம். டயகமவில் யார் எப்படிப்பட்டவர் என்பதற்கு அக்காவின் இஸ்தோப்பே சாட்சி.

விஞ்ஞானம் படிப்பிக்கும் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, ஒரே இலையில ரெண்டு குடும்பம் இருக்குது. கரை ஒன்னு, நடுவுல உள்ளது ஒன்னு. வெட்டி வச்ச இலையில முளை கெளம்புறது உள்ள இருக்கிற பச்சக் குடும்பத்துல இருந்து. முழு வெள்ளையில பச்சையமே இல்ல, அதால சோறாக்க முடியாது, பட்டினியில போயிரும். மூலையில வெளிச்சம் பத்தல, அதான் பச்சையாகுது. பாம்புச்செடிய மட்டும் கெழங்கோட பிரிச்சு வைங்க, கரை தங்கும்."

அக்கா கடைசி வாக்கியத்தை மட்டும் மிகக் கவனமாகக் கேட்டார். அடுத்த ஞாயிறு மாஸ்டர் வீட்டு வாசலில் வந்து நின்றார், கையில் புல்லு வெட்டும் சுரண்டியோடு.

"நீங்கதானே மாஸ்டர் கெழங்கோட எடுக்கச் சொன்னீங்க?"