மாட்டுக்கு அட்டை காட்டுற மருமகன்

வாங்க மருமகனே. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைத் திருத்தப் போறீகளாமே! கையிருப்பே ஆகாதாம், ஆர்டர் வந்தப்புறம்தான் அடுப்பே பத்த வைக்கணுமாம். ‘ஜஸ்ட் இன் டைம்’னு டொயோட்டாவுல தாய்ச்சி ஓனோ சொன்னது. கெட்டிக்கார மனுசன்தான். ஆனா அவருக்குச் சரக்கு அனுப்புனவன், இவ்வளவு வேணும்னு அட்டை காட்டி நூறு கேட்டா நூறு அனுப்புனான். ஒங்களுக்கு அனுப்புறது மாடுல்ல? அதுக்கிட்ட அட்டையக் காட்டுனா அதையும் தின்னுரும்.

அந்த டொயோட்டாவே 1997 பிப்ரவரியில ஐசின் ஆலை தீப்பிடிச்சு, பிரேக்குக்கான ஒரு சின்ன வால்வு வராம, சில நாள் வண்டி செய்ய முடியாமக் கிடந்துச்சு.

பசும்பால்ல கெட்டிச்சத்து நூத்துக்கு 12, 13. எருமைப்பால்ல 16, 17. எது எவ்வளவு கலந்து வருதோ அதுக்குத் தக்கன சட்டியில தேறும். 100 கிலோ வேணும், போட்டதுல 80 சதம்தான் தேறுதுன்னா 125க்குப் பால் சொல்லணும். இது ஒங்களுக்கே தெரியும். ஆனா நேத்து 80 தேறுச்சுன்னு இன்னைக்கு 125க்குச் சொல்லி, இன்னைக்கு 95 சதம் தேறிருச்சுன்னா? மிச்சத்தப் பாத்துப் பயந்து நாளைக்குக் கொறைப்பீக. நாளைக்குன்னு பாத்து எருமை மொரண்டு பிடிக்கும். நீங்களும் எருமையும் மாறிமாறித் தொரத்திக்கிட்டே இருப்பீக.

அதுக்குப் பதிலா, பழைய கணக்குல முக்கால், நேத்தைய கணக்குல கால் எடுங்க. 90 தேறும்னு நெனச்சிருந்து நேத்து 80 ஆனா, புதுக் கணக்கு 87½. மெல்ல நகரட்டும். 

ராஜபாளையம் மில்லுல நான் பஞ்சு மிக்ஸிங் பாத்தவன். 1936ல பி.ஏ.சி. ராமசாமி ராஜா மில்லு வச்ச ஊரு, பஞ்சோட கொணம் எங்களுக்குத் தெரியாதா? ஒரே பொதிய நம்ப மாட்டோம். பல பொதியில இருந்து பிச்சுக் கலப்போம், ஒண்ணோட கொறைய இன்னொண்ணு மூடும். நீங்களும் பத்து வீட்டுப் பாலைக் கலங்க. கோடை முத்துனா மட்டும் பத்து வீட்டு மாடும் ஒண்ணுபோலப் பாலக் கொறைக்கும், அதுக்குக் கலப்பு ஒதவாது.

அதுக்குத்தான் கையிருப்பு. பாலாக வச்சா சாயங்காலம் திரிஞ்சிரும், கோவாவா வச்சா சில நாள் நிக்கும். மாடு கூடக் கொடுத்த நாளைச் சேத்து வைக்கத்தான் நம்மாளு கிண்டவே ஆரம்பிச்சிருப்பான்! 2019ல புவிசார் குறியீடு வாங்குன சரக்கு வேற. பால் பத்தலைன்னு மைதாவக் கலந்து எடை ஏத்தவும் முடியாது.

ஆடிப்பூரத் தேருக்கு முன்னாடி ரெண்டு நாள் சரக்கு கூடவே வைங்க. தேர் வாரத்து வியாபாரத்த மட்டும் சராசரியில சேத்துராதீக. வருசம் பூரா ஆண்டாளுக்குத் தேரோடுதுன்னு ஒங்க கம்ப்யூட்டரு நம்பிரும்.