அட்டவணையார்

இத்தாலி போவதென்று முடிவான மறுநாளே அட்டவணையாருக்கு இத்தாலிமேல் இருந்த ஆசை பாதி வடிந்து எக்செல்மேல் ஏறிவிடும். சென்னையில் கணினிக் கம்பெனிகள் வரிசை கட்டி நிற்கும் சாலைகளில் மாடிக்கு நாலு பேராவது இந்த ரகம் உண்டு. வயது முப்பதைத் தாண்டியிருக்கும். கல்யாணமாகி இரண்டு வருஷம். தேனிலவு என்று மூணாறில் மழை பார்த்ததோடு சரி. அதுவும் பெரியப்பா குடும்பம் பின் சீட்டில். ஆகவே இவர்கள் இரண்டு பேர் மட்டும் போகும் முதல் பயணம் இதுதான். தப்பு நடந்துவிடக்கூடாது.

தப்பு என்று அவர் நினைப்பது காய்ச்சல், ஜன்னியை அல்ல. அதற்குக் காப்பீடு இருக்கிறது. 30,000 யூரோவுக்குக் குறைந்து எடுத்தால் ஷெங்கன் விசாவே கிடையாது. அவர் நடுங்குவது வேறொன்றுக்கு. திரும்பி வந்தபின் யாராவது, "அட, அவ்வளவு தூரம் போயிட்டு அதைப் பாக்கலையா?" என்று கேட்டுவிட்டால்?

அதனால்தான் அவருடைய அட்டவணையில் தேதி, ஊர், நேரம், கட்டணம் எல்லாவற்றுக்கும் அப்புறம் கடைசியாக ஒரு பத்தி இருக்கும். தலைப்பு: 'கேட்கப்போகிறவர்'.

பைசா என்றால் அந்தக் கட்டத்தில் அக்கா வீட்டுக்காரர். சாய்ந்த கோபுரம் விழுந்துவிடப் போகிறதென்று 1990இல் அதை மூடி, எதிர்ப்பக்கத்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் நிமிர்த்தி, 2001 டிசம்பரில்தான் திறந்தார்கள். ஆனால் அக்கா வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்தால், அதை அன்றிலிருந்து இன்றுவரை ஒற்றைக் கையால் தாங்கிக்கொண்டிருப்பவர் அவர்தான். ஃப்ளாரன்ஸிலிருந்து ரயிலில் போய், கையை நீட்டிப் படமெடுத்து, அடுத்த ரயிலில் திரும்ப மூன்றரை மணி நேரம் ஒதுக்கியாயிற்று.

மிலானில் லியனார்டோவின் 'கடைசி விருந்து' ஓவியம் மேனேஜருக்காக. அவர் 'டாவின்சி கோட்' படித்தவர். 1498 வாக்கில் முடித்த அந்தச் சுவரோவியம் நைந்துபோயிருப்பதால், சின்னச் சின்னக் கூட்டமாகத்தான் உள்ளே விடுவார்கள். கால் மணி நேரம் ஆனதும் வெளியே. டிக்கெட்டோ வந்த வேகத்தில் தீர்ந்துவிடும். அட்டவணையார் விடியற்காலையில் அலாரம் வைத்து எழுந்து பிடித்துவிட்டார். அட்டவணையில் இப்படி இருக்கிறது: "5.00 – 5.15 வியத்தல். 5.20 டிராம்."

"சுவிஸ் போகலையா?" என்று கேட்பதற்கு ஊரில் ஆள் பஞ்சமே இல்லை. மிலானிலிருந்து ஜூரிக் ரயிலில் மூன்றேகால் மணி நேரம்தானாம். அதனால் ஒரு ராத்திரி சுவிஸ். இங்கே ஒரு சட்டச் சிக்கல் உண்டு. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். அவர் உட்கார்ந்து ராத்திரிகளைப் பங்கு பிரித்தார். சொத்துப் பிரித்தால்கூட இவ்வளவு நியாயமாகப் பிரித்திருக்கமாட்டார்.

மாமனார் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "மாப்ள, வீரமாமுனிவர் பிறந்த ஊரு அங்கதானே?" ஆமாம், அங்கேதான். காஸ்திலியோனே டெல்லே ஸ்டிவியேரே. மிலானிலிருந்து வெனிஸ் போகிற வழியில் டெசன்சானோவில் இறங்கி, தெற்கே கொஞ்ச தூரம் போக வேண்டும். 1680இல் அங்கே பிறந்தவர் தமிழ்நாட்டுக்கு வந்து, தமிழ் படித்து, தேம்பாவணியும் பரமார்த்த குருவின் கதையும் எழுதிவைத்துப் போனார். ஆனால் திரும்பி வந்தபின் இதைக் கேட்க ஒரே ஒரு ஆள்தான். மாமனாராகிவிட்டதால் வரியை நீக்கவும் முடியவில்லை. மங்கலான சாம்பல் நிறத்தில் 'நேரம் இருந்தால்' என்று குறித்துவைத்திருக்கிறார். இத்தனை ஊரில் ஆசைப்பட்டுக் கேட்கப்பட்ட ஊர் அது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்; என் அபிப்பிராயத்துக்கு அந்த அட்டவணையில் கட்டம் இல்லை.

வெனிஸில் அவருடைய மூளை முழுவீச்சில் வேலை செய்தது. பகலில் வந்து பகலிலேயே போகிறவர்களிடம் சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்கும் வழக்கத்தை 2024இல் அந்த ஊர் தொடங்கியது. ராத்திரி தங்குகிறவர்களுக்கு அது இல்லை. தீவுக்குள் தங்கினால் வாடகை கட்டுப்படியாகாது. பாலத்துக்கு இந்தப் பக்கம் மெஸ்திரேயில் தங்கினாலும் அது வெனிஸ் நகராட்சி எல்லைதான், கட்டணம் கிடையாது. இதைக் கண்டுபிடித்த அன்று அவர் நடந்த நடை வேறு.

அடுத்து கோண்டோலா. அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. யூரோவுக்கு நூறு ரூபாய் என்று போட்டாலும் நிமிஷத்துக்கு முந்நூறு. "படகுக்காரர் கொட்டாவி விட்டா ஒரு சாப்பாட்டுக் காசு" என்றார். அப்புறம் தேடிப்பிடித்தார்: பெருங்கால்வாயின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆள் கடத்தும் பழைய கோண்டோலாக்கள் உண்டு, ட்ராகெட்டோ என்பார்கள். கட்டணம் இரண்டு யூரோ. இரண்டு மூன்று நிமிஷத்தில் அக்கரை.

"இதுல உக்காரக்கூட நேரமில்லையேங்க."

"கோண்டோலாவுல போனீங்களான்னுதானே கேப்பாங்க? எவ்வளவு நேரம்னு யாரு கேக்கப்போறா?"

அம்மணி அதோடு விடுகிறவரல்ல. அட்டவணையை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஃப்ளாரன்ஸ்ல நாம இருக்கிறது திங்கக்கிழமை. அன்னிக்கு உஃபிட்சியும் லீவு, டேவிட் சிலை இருக்கிற மியூசியமும் லீவு."

அட்டவணையாருக்கு வியர்த்துவிட்டது. இருபது தாவல்களைத் திறந்து ஒவ்வொரு விமர்சனமாகப் படித்தவர், கிழமையைப் பார்க்கவில்லை.

"பரவாயில்லைங்க. அந்த டேவிட் மழையிலயும் வெயிலயும் கெட்டுப்போகுதுன்னு 1873லயே உள்ள கொண்டுபோயிட்டாங்களாம். அது நின்ன இடத்துல அச்சா ஒரு நகல் இருக்கு. டிக்கெட்டே வேண்டாம். அதுகூட நின்னு படம் எடுத்து அனுப்புங்க. உங்க ஆளுங்கள்ல யாருக்கு வித்தியாசம் தெரியப்போகுது?"

"அது ஏமாத்து இல்லையா?" என்று கேட்டார், இரண்டு யூரோ கோண்டோலாக்காரர்.

சாப்பாட்டுப் பகுதியை அவர் அம்மா ஃபோனிலேயே முடித்துவிட்டார்: பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், சின்ன குக்கர். இருந்தாலும் அட்டவணையார் ஆராய்ந்தார். பார்மிஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளை வைத்துத்தான் உறைய வைக்கிறார்கள் என்று தெரிந்ததும், அட்டவணையில் புதிதாக இன்னொரு பத்தி முளைத்தது: 'யாரிடம் சொல்லக்கூடாது'. உடைப் பகுதி இன்னும் சுருக்கம். புனித பீட்டர் பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. இத்தனை நாள் கையில்லாத சட்டை விஷயத்தில் மாமியார் தனி ஆளாகப் போராடிக்கொண்டிருந்தார். இப்போது வாட்டிகனும் அவர் கட்சி.

எல்லாம் முடிந்தபின் அவர் கேட்டார், "உனக்கு எங்கயாவது போகணுமா?" கேட்டாரே, அதைச் சொல்ல வேண்டும்.

'ரோமன் ஹாலிடே' படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் உட்கார்ந்து ஐஸ்க்ரீம் சாப்பிடுவாரே, அந்த ஸ்பானிஷ் படிக்கட்டில் தானும் ஒரு சாயங்காலம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார் அம்மணி. பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. படம் 1953; படிக்கட்டில் உட்காரக்கூடாதென்ற விதி 2019. மீறினால் 400 யூரோ வரை அபராதம். சொல்லும்போது குரலில் வருத்தத்தைவிட ஆராய்ச்சி பலித்த சந்தோஷம் தூக்கலாக இருந்தது.

ஆனாலும் மனுஷர் மோசமில்லை. அன்று ராத்திரியே ஒரு வரி சேர்த்தார். "நாள் 8. மாலை 5.00 – 5.45: சும்மா இருத்தல். இடம்: பியாட்சா நவோனா, கல் பெஞ்சு. மழை வந்தால்: பாந்தியன் முன்மண்டபம்." கடைசிக் கட்டம் மட்டும் காலியாக நின்றது. சும்மா இருந்ததைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்? அந்தக் காலி அவரைத் தூங்கவிடவில்லை. எழுந்து தேடினார். அந்த மைதானத்தின் நடுவில் பெர்னினி செய்த நாலு நதி நீரூற்று இருக்கிறது, 1651இல் முடித்தது. நாலில் ஒன்று கங்கை. 'கேட்கப்போகிறவர்: அம்மா' என்று நிரப்பினார். அந்தக் கங்கை கையில் துடுப்பு வைத்திருக்கும் தாடிக்கார ஆண் என்பது பக்கத்துப் பத்திக்குப் போயிற்று.

காலையில் அம்மணி அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: "அந்த முக்கால் மணி நேரமாவது ஃபோனைப் பையில வைப்பீங்களா?"

"வெச்சுட்டா? நாம சும்மா இருந்தோம்னு எவன் நம்புவான்?"